என் முதல்நன்மை நாளில் ஃபொஹோ

இன்று ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் பக்கம் என் சமையல் இல்லாமல் ஒரு தமிழ்க் கலியாணம் நடக்காது. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத நான் பட்டதாரிகளுக்கும் சம்பளம் கொடுக்கிறேன். அந்தத் துணிச்சல் சின்ன வயதிலேயே இருந்தது. தொண்ணூறுகளில், முதன்முதலாக நற்கருணை வாங்கிய என் முதல்நன்மைக் கொண்டாட்டத்திற்கு மூன்றடுக்குக் கேக்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, தேவாலய மண்டபத்துக்கு அதை வரவழைத்தவள் நான்.

மறுநாள் அப்பா கனடாவுக்குப் புறப்பட இருந்தார். எங்கள் அகதி மனுவை மறுத்துவிட்டார்கள். ஆட்களைக் களவாக நாடுகடத்திவிடும் ஏஜென்சிக்காரன் ஓர் ஆளைத்தான் கொண்டுபோவானாம். மறுபடி எப்போது ஒன்றாக இருப்போம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. எனக்கோ அது, பொம்மையோடு திரும்பிவரப் போகிற ஒரு பயணம்.

உணவகத்தில் அப்பாவோடு கோப்பை கழுவிய பிரேசில்காரர் ஒருவர் பிரியாவிடைக்கென்று அக்கோர்டியனோடு வந்திருந்தார். வாசித்தது அவர் ஊரான வடகிழக்குப் பிரேசிலின் ஃபொஹோ. மழை பொய்த்து, பிழைப்புத் தேடி வீட்டைவிட்டுப் போகிறவர்களின் பாட்டுகள் அதில் நிறைய என்று பிற்பாடு அறிந்தேன். அன்று அந்தத் துள்ளலைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் இலங்கையின் பைலா என்றே முடிவுகட்டி, எதிரெதிரே நின்று கையைத் தூக்கி ஆடத் தொடங்கிவிட்டார்கள். மனிதர் பதறிப்போனார். இது பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் என்று அரைகுறை ஜேர்மனில் சொல்லி, அப்பாவையும் அம்மாவையும் தாடையால் சுட்டினார். அப்பாவின் தங்கையான மாமி விடுவாரா?

"அண்ணை, இவ்வளவு தூரம் வந்தும் வெக்கமோ? பிடியுங்கோ!"

"சும்மா இரும் மச்சாள், சனம் பாக்குது," என்றார் அம்மா.

"பாக்கட்டும். இஞ்சை வாரும்," என்று அப்பா கையை நீட்டினார்.

அவர்கள் இருவரும் தொட்டுக்கொண்டு நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆட்டம் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே, அவ்வளவுதான். அம்மா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கேலி பேசிய சனம் மெல்ல அடங்கி ஒதுங்கியது.

எனக்கு ஆத்திரம். கேக்கின் கிரீம் இளகத் தொடங்கியிருந்தது. என் விழாவில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை! நேரே அக்கோர்டியன்காரரிடம் போய், நான் கேக் வெட்ட வேண்டும், முடியுங்கள் என்று கட்டளையிட்டேன். அவர் பணிவாகத் தலையாட்டினார். ஒரு பாட்டு முடிகிற இடத்திலேயே மூச்சுவிடாமல் அடுத்ததைப் பிடித்துக்கொண்டார். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கக்கூடக் கையெடுக்கவில்லை.

இந்த ஆளுக்கு நிறுத்தவே தெரியவில்லை என்று மாமியிடம் முறையிட்டேன். நிறுத்தினால் அப்பா கையை எடுத்துவிட வேண்டும் என்பது அந்த அக்கோர்டியன்காரருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.