பஷீரின் டீயில் நான் போட்ட உப்பு

நேபாளத்தில் நான் கட்டிய சுவரை இடிப்பவன் நண்பன் பஷீர்தான் என்று மடத்தனமாக நம்பினேன். அம்பத்தூரிலிருந்து இருவரும் போய், ஒரு மலைக்கிராமக் குடும்பத்துக்குச் சேவையாக வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மாலையில் நான் எழுப்பிய சுவர் இரண்டு நாளாகக் காலையில் தரையில் கிடந்தது.

"இன்னா மாமே, காத்துக்கே உழுந்துச்சா?" என்றான் பஷீர். பழிக்குப் பழியாக அவன் டீயில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டேன்.

"த்தூ! கடலையே கரைச்சு ஊத்திக்கீறியே நைனா!"

மறுநாள் விடியற்காலை, கையும் களவுமாகப் பிடிக்க, முந்தின மாலை மறுபடியும் எழுப்பிய சுவருக்குப் பின்னால் பதுங்கினேன். கடப்பாரைச் சத்தம் கேட்டது; முதல் கல் என் காலருகே விழுந்தது. "பஷீரு, காப்பாத்துடா!" என்று அலறினேன்.

இடித்தவர் வீட்டுக்கார அம்மா. நேர் பார்க்கும் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு, சுவர் நாலு விரல் சாய்ந்திருப்பதையும், தன் பிள்ளைகள் படுக்கப்போகும் மூலையையும் காட்டினார்.

இப்போதெல்லாம் நான் கல் மட்டும்தான் சுமக்கிறேன். அந்தச் சுவரைக் கட்டி முடித்தது பஷீர்.