கண் ஆஸ்பத்திரி மீன்கள்

மைசூரில் கண் புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போன அன்று எனக்கு ஆறுதலாக இருந்தவை, ஆஸ்பத்திரிக் கூடத்துச் சுவரில் நீந்திக்கொண்டிருந்த மீன்கள்தான். மரச்சட்டம் போட்ட நீளமான தொட்டி. உள்ளே நீலத் தண்ணீர், பவளப் பாறை, மஞ்சளும் ஆரஞ்சுமாக மீன்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்ட நர்ஸ், "கண்ணு முச்சி கூத்கொள்ளி அம்மா" என்று கன்னடத்தில் அதட்டிவிட்டுப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருகிற ஆளா நான்?

மருந்து ஏற ஏற எல்லாம் கரைந்தது. எதிரே இருந்தவர்களுக்கு முகமே இல்லை. மீன்கள் மட்டும் ஒளிர்ந்தன. ஒரு மீன் நகர்ந்துபோன பின்னும் அதன் மஞ்சள் அங்கேயே கொஞ்ச நேரம் மிதந்தது. கூடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து, நானும் அடியில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. அது பிடித்திருந்தது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்படி இல்லை. என் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் செய்த கண் கடைசிவரை தெரியாமலே போனது. அதைச் சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளின் பேப்பரைப் பக்கத்து டீச்சர் திருத்தித் தரும் நிலை வந்தபிறகுதான் வழிக்கு வந்தேன். இருக்கிற கொஞ்சநஞ்சப் பார்வையும் போய்விட்டால்? போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் வழியெல்லாம் ஸ்கூட்டரை ஸ்பீடு பிரேக்கர்களில் தூக்கித் தூக்கிப் போட்டார். கேட்டால், ரோடு சரியில்லை என்று எரிந்து விழுந்தார்.

"அந்த மஞ்ச மீன் என்னையே பாக்குதுங்க," என்றேன், கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம்.

"ஹௌது, பாக்குது. பொரி கொண்டாந்தியான்னு கேக்குது," என்றார்.

ஸ்ரீரங்கப்பட்டணம் போகும்போதெல்லாம் ஆற்றுப் படியில் நின்று மீன்களுக்குப் பொரி போடுவோம். அந்த நினைப்போடு ஆபரேஷன் அறைக்குள் போனேன். முகத்தை மூடியபின் தெரிந்தது ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும். டாக்டரின் குரல் தண்ணீருக்கு மேலே எங்கோ கேட்டது. நான் மஞ்சள் மீனின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் கண் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் காட்டிய எழுத்தையெல்லாம் படித்தேன். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. நேரே கூடத்துக்கு வந்து, ஆபரேஷன் ஆகாத பழைய கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றேன்.

டிவி. சட்டத்துக்குள் பதித்துவைத்த வெறும் டிவி. மீன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தவன் கெட்டிக்காரன்தான். செதில் செதிலாகப் பளபளப்பு வைத்திருந்தான். பாறைமேல் வெயில்கூட நெளிந்தது. ஆனால் என் மஞ்சள் மீன் ஒரு செடியின் நடுவே புகுந்து போனது, இலை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்கு வந்து அதே மாதிரி வாலைத் திருப்பியது. குக்கரஹள்ளி ஏரியில் நம் நிழல் விழுந்தாலே மீன்கள் சிதறி ஓடும். இங்கே முகத்தைக் கொண்டுபோய் ஒட்டினேன், ஒன்றுகூட மிரளவில்லை.

மீன் பொய் என்றால் என் கண் நிஜம். அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அழுகைதான் வந்தது.

"ஏங்க, இது டிவிங்க. நேத்து நல்லா ஏமாந்துட்டேன். நீங்களும் சேர்ந்து தலையாட்டுனீங்களே."

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"சும்மா இரு. நிஜ மீன்தான். தண்ணிகூட அசையுது பாரு."

கேலி செய்யும் குரல் இல்லை அது. ஜன்னல் பக்கம் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கருமணியின் நடுவே சாம்பல் பூத்திருந்தது. ரோட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"எவ்ளோ நாளா இப்படி?"

"முதல்ல உன் கண்ணு நல்லாகட்டும்னு இருந்தேன்," என்றார் மெதுவாக. "உங்கம்மா கதைய நீ சொல்லச் சொல்ல, எனக்கும் பயம் புடிச்சுக்கிச்சு."

கையை நீட்டினேன். ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தார். அவரை அந்த மீன்களுக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, அவர் பெயருக்கு டோக்கன் வாங்கப் போனேன். அது டிவிதான் என்று நான் மேற்கொண்டு வாதாடவில்லை. கட்டுப் பிரிக்கிற அன்று அவரே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.