இடப்பக்க இருக்கையின் எடை

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் கராஜுக்கு ஒரு பழைய மொரிஸ் மைனர் வந்தது. முன் சஸ்பென்ஷனைக் கழற்றிப் புதிதாகப் பூட்டிய பின், காரின் முன்பக்கம் மூன்று விரல் உயர்ந்து நின்றது. அதை இறக்க வேண்டும். வெறும் காரை அளந்தால் உயரம் பிழையாக வரும். வழக்கமாக ஏறுகிறவர்களின் எடைக்கு இருக்கைகளில் மணல் மூட்டைகளை வைத்துத்தான் அளப்போம்.

சொந்தக்காரருக்கு எழுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஏறுமுன் இடப்பக்கக் கதவைத் திறந்து, சற்று நின்று, மூடிவிட்டுத்தான் தன் பக்கம் வருவார்.

“பக்கத்தில ஆர் இருக்கிறது, அங்கிள்?”

“மிஸிஸ்தான். அம்பத்தெட்டுக் கிலோ எண்டு போடுங்க, மகள்.”

“நிறுத்துப் பாத்ததா? அன்ரிமார் குறைச்சுத்தான் சொல்லுவினம்.”

சிரித்துக்கொண்டே மனைவியின் கிளினிக் பதிவுக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். ஐம்பத்தெட்டுத்தான். நான் பக்கங்களைப் புரட்டினேன். எடை இறங்கிக்கொண்டே போயிருந்தது.

“அங்கிள், கடைசியா நாப்பத்தொண்டு எண்டு கிடக்கே?”

“அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு, மகள். வீட்ட வந்தா ஏறிடும்.”

அட்டையில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருந்தது. நான் ஐம்பத்தெட்டுக் கிலோவுக்கே மூட்டைகளை அடுக்கினேன். கடைசி மூட்டையை அவரே தூக்கி, ஆளை இருத்துவதுபோல மெதுவாக வைத்தார். அந்த எடைக்கே உயரத்தைச் சரிசெய்தேன்.

ஜொப் கார்டில் இடப்பக்கம் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். தெரிந்தே நான் எழுதிய பிழையான அளவு அது ஒன்றுதான். அதைத் திருத்த இன்றும் எனக்கு மனம் வரவில்லை.