நாலு மார்க்கு

பிள்ளைங்களா, உங்க அத்தை ஏன் எம்.ஏ. படிக்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்குக் காரணம் நான்தான்.

பி.ஏ.வில் அவளுக்கு நூற்றுக்கு நாற்பத்தாறு. மேலே படிக்க அது போதுமா என்று கேட்டு வர என்னை வேலூருக்கு அனுப்பினாள். கல்லூரி குமாஸ்தா அப்ளிகேஷனைக் கொடுத்து, "ஐம்பது வேணுங்க. மலை ஜனங்களுக்கு மட்டும் பாஸ் பண்ணியிருந்தாலே போதும்" என்றார்.

நாங்கள் மலை ஜனங்கள்தான்; அவளுக்கு இடம் உண்டு. பஸ் மலை ஏறும்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. போனால் திரும்பி வருவாளா? அப்பா இல்லாத வீட்டில் நிலத்தை நான் ஒருத்தனாகப் பார்க்க முடியுமா?

"இன்னாண்ணா சொன்னாங்க?"

"ஐம்பது வேணுமாம். நாலு மார்க்கு பத்தலை."

"நான்தான் ஒழுங்கா படிக்கலை," என்று உள்ளே போய்விட்டாள்.

அப்ளிகேஷனைக் கிழிக்க மனசு வராமல் சாமை மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கடைசித் தேதி போன பிறகு, மூட்டையை நகர்த்தியவள் கையில் அது கிடைத்தது. சலுகை பற்றி அதிலேயே அச்சடித்திருந்தது.

"போவாதேன்னு சொல்லியிருந்தா நின்னுருப்பேனே. எதுக்குண்ணா என் மார்க்கு மேல பழியப் போட்ட?"

அடுத்த வருஷம் நானே புது அப்ளிகேஷன் வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை.

இன்றைக்கும் ரேஷன் கார்டை நான் நீட்டினால்கூட, ஒரு தரம் படித்துப் பார்த்துத்தான் வைக்கிறாள். கோபமெல்லாம் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.