துவக்கில் செதுக்கச் சொன்ன படம்

மத்திய லண்டனில், வேட்டைத் துவக்குகளை, அதாவது துப்பாக்கிகளை, ஆளின் அளவுக்கேற்பச் செய்து கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். சென்ற இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு தமிழர் வந்தார். அறுபது வயதிருக்கும். சுருக்கமில்லாத கோட்டு, மிக மெல்லிய குரல். யார் பேசினாலும் இடக்கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்பார். குறி பார்ப்பதுபோல் இருக்கும்.

துவக்கு உரிமம் சரியாக இருந்தது. தோளையும் கையையும் அளந்த பின், “துவக்கின்ரை இரும்புப் பக்கத்திலை என்ன செதுக்கவேணும் ஐயா? கனபேர் மான்தான் கேக்கிறவை,” என்றேன்.

அவர் மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்தார். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் மரக்கறிப் பையுடன் போகும் ஒருவரைப் பின்னால் நின்று எடுத்த படம்.

“இவரைச் செதுக்க ஏலுமோ, தம்பி?”

“ஆர் இவர், உங்கட அண்ணையோ?”

“இல்லை. நான் லண்டனிலை இருக்கிறன் எண்டு இவருக்குத் தெரியாது.”

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் வந்து வேலையை மறுத்தார். துவக்குக் கேட்டு வந்தவர் கோபிக்கவில்லை. படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“பரவாயில்லை தம்பி, வேறை இடம் இருக்கு.”

அவர் போனதும் முதலாளி பொலிஸுக்கு அறிவித்தார். அதன்பின் அந்த ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இப்போது ஈஸ்ட் ஹாமுக்குச் சாமான் வாங்கப் போனால், முன்னால் நடப்பவர்களின் முதுகைத்தான் பார்க்கிறேன். போன கிழமை, படத்தில் இருந்த அதே முதுகைக் கண்டேன். எச்சரிக்க எண்ணி ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, என் முகத்தைப் பாராமல் என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“ஆர் தம்பி உம்மை அனுப்பினது?” என்றார்.