சித்தேரிப் பேரியின் அடிமரம்

எண்பதுகளின் நடுவில், தோட்டக்கலை அலுவலராக நான் முதன்முதலில் சித்தேரிக்குப் பஸ் ஏறியபோதே அந்தப் பேரி மரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மலைச் சாலையை அகலப்படுத்த வேண்டும். மரம் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. ஒட்டுக்குச்சி வெட்டிக் கன்று உண்டாக்கும் தாய் மரம் என்று எங்கள் துறை ஏற்றுக்கொண்டால் சாலை சற்று ஒதுங்கிப் போகும். மரத்துக்குச் சொந்தக்காரி மாதம்மாளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அடிமரம் புடைத்திருந்தது. ஒட்டுக் கட்டிய தழும்பு. முன்பு மலையில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ நல்ல ரகத்தைக் கொண்டுவந்து காட்டுப் பேரியின் மேல் ஒட்டியதாகச் சொன்னார்கள். ரகத்தின் பெயர் அவரோடு போய்விட்டது. காய்க்குக் கழுத்து குட்டை, தோல் துருப்பிடித்த நிறம், விதையைச் சுற்றி மணல்போல நறநறப்பு.

மரத்தைப் பார்த்து முடிவு சொல்ல மேலதிகாரி ஜீப்பில் வந்தார். மரத்திலிருந்து நேராக ஒரு காயைப் பறித்துக் கடித்தார்.

"யோவ், இது காயா, கருங்கல்லா?"

"இது மரத்துல வச்சுப் பழுக்காது சார். காயாப் பறிச்சு வைக்கோல்ல ஒரு வாரம் வச்சுத்தான் ருசி பாக்கணும். விதிமுறையிலயே இருக்கு."

"விதிமுறையக் கட்டிக்கிட்டு நீ அழு. இருட்டறதுக்குள்ள நான் தர்மபுரி போவணும்."

"ஒரு வாரந்தானுங்களே, பொறுங்க சார்," என்ற மாதம்மாள் ஒரு கூடைக் காயை ஜீப்பில் வைத்தாள். அவர் கூடையை மறுக்கவில்லை, மரத்தை மறுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அந்தச் சித்தேரிப் பழம் என்ன ருசிய்யா! வூடே மணக்குது. இன்னொரு கூடை கெடைக்குமா?"

முறைப்படி மறுபரிசீலனைக்கு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு மலையேறினேன். சாலைக்காரர்கள் அதற்குள் மரத்தைப் புடைப்புக்குக் கீழே அறுத்திருந்தார்கள். கிளைகள் அடுப்புக்குப் போய்விட்டன. ஒட்டுவதற்கு ஒரு பச்சைக் குச்சிகூட மிச்சமில்லை.

மழைக்குப் பிறகு மறுபடி போனபோது மாதம்மாள் ஓடிவந்தாள்.

"பாருங்க சார், மரம் திரும்பிடுச்சு!"

புதுச் சாலையின் ஓரத்தில் விட்டுப்போன அடிக்கட்டையின் வேரிலிருந்து துளிர் கிளம்பியிருந்தது. இலை சிறியது, கணுவெல்லாம் முள்.

சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன்.

"இது அந்த மரம் இல்லம்மா. ஒட்டுக்குக் கீழ இருந்த காட்டுப் பேரி. காய் துவர்க்கும்."

அவள் குனிந்து துளிரின் முள்ளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி வருசமா அதைச் சொமந்துக்கிட்டு நின்னது இதுதானுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நிக்கட்டும்," என்று சுற்றிலும் கல் அடுக்க ஆரம்பித்தாள்.

துறைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு: பேரியை மரத்தடியில் வைத்து மதிப்பிடாதீர்கள். பழுக்கும்வரை பேனா மூடியே இருக்கட்டும்.

அந்தக் காட்டுப் பேரி நன்றாகவே வளர்ந்தது. ஒட்டுக்கு அதைவிட நல்ல அடிமரம் கிடைக்காது. அதன்மேல் ஒட்டத்தான் அந்த ரகத்தில் ஒரு குச்சியும் இல்லை.