மாமா உடைக்காத கண்ணாடி

நான் குற்றவியல் நீதி படிக்கப் போகிறேன் என்றதும் அத்தை, "போலீசுக்கா போறே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ வக்கீலா?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்குலா அதைப் படிக்கிறே?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்காமல் துணி காயப்போடப் போய்விட்டார்.

ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியில் அப்போது எனக்கு இரண்டாம் ஆண்டு. கூலாயில் தாய்மாமா வீட்டில் தங்கிப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் குற்றவியல் நீதியோடு தொடர்பாடலும் இருந்தது. ஒருவர் சொல்லும் வாதம் நிற்குமா நிற்காதா என்று எடைபோடக் கற்றுத்தரும் இன்னொரு பாடமும் இருந்தது. அந்தக் கடைசிப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி. அந்தத் திமிரில் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டு, எல்லாருடைய வாயிலும் விழுந்து எழுந்தேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் சண்டை என்று ஒன்று வந்தால் அது கார் நிறுத்துவதில்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எங்கள் கேட்டை மறித்து நிறுத்திவிட்டார் என்று மாமா ஒருநாள் மாலை அவரிடம் சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டுக் குளித்து, மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் காரின் பின் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. யார் செய்ததென்று இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டைத் தட்டியபோது மாமா வேலை முடிந்து வந்து அப்போதுதான் கண்ணசந்திருந்தார். லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். முதலில் இல்லை என்றார். அந்த மனிதர் விடவில்லை, தெருவே எட்டிப்பார்த்தது. கடைசியில் மாமா, "சரி தம்பி, நான்தான்னே வச்சுக்க. கண்ணாடி மாத்திக் குடுத்துடுறேன். போய் வேலையைப் பாருப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நம் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். சண்டை ஓயட்டும் என்று தப்பைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வது. பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் வேறு.

கார் காப்புறுதிப் பணம் கேட்கப் போலீஸ் புகார் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். யார் உடைத்தது என்று கேட்டதற்கு, ஆளே ஒத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார். விசாரிக்கக் கூப்பிட்டபோது மாமா அங்கேயும் மறுக்கவில்லை. அது வழக்காகிவிட்டது.

நான் மாமாவை உட்கார வைத்து விளக்கினேன். "செய்யாததை ஒத்துக்காதீங்க மாமா. தண்டனை பதிவாயிடும். சிங்கப்பூர் வேலை பெர்மிட் புதுப்பிக்கிறப்ப கேப்பாங்க. அன்னிக்கு ராத்திரி நீங்க வேலையில இருந்தீங்க, பாலம் தாண்டினது பாஸ்போர்ட்ல தெரியும். வேற என்ன ஆதாரம் வேணும்?" இலவச சட்ட உதவிக்குப் போகலாம் என்றேன். வக்கீல் வைத்தால் கேஸ் பெரிதாகிவிடும் என்றார். ஆனால் மறுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். "சரிம்மா, நீ சொல்றபடியே சொல்றேன்." நான் நம்பினேன்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார், "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா, இல்ல விசாரணை வேணுமா?" மாமா திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஒத்துக்கிறேன்."

ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று அவரிடம் மறுபடி கேட்டார்கள். தெரியும் என்றார். எழுந்து கத்தலாமா என்று நினைத்தேன். அதற்குள் அபராதம் என்று தீர்ப்பானது. பேருந்தில் இடம் பிடிக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் போட்ட சத்தத்தில் காவலர் ஒருவர் எட்டிப்பார்த்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மாமா சாவகாசமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"நான் செய்யலன்னு சொன்னா அவன் பொய் சொல்றான்னு ஆயிடும்லா. அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது? நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சில மாதங்களில் பெர்மிட் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, தண்டனை இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். மாமா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். ஏற்கெனவே துடைத்த மோட்டார் சைக்கிளை மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பார். பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு மாலை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மாமா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்னண்ணே, கொஞ்ச நாளா வேலைக்குப் போகலயா?"

மாமா மழுப்பினார். என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை போனதைச் சொன்னேன். ஏன் போனது என்றும் சொன்னேன். கண்ணாடி உடைந்த ராத்திரி மாமா சிங்கப்பூரில் இருந்தார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. "அன்னிக்கு ராத்திரி வீட்டுலயே இல்லயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீதான் அவ்வளவு உறுதியா இருந்தியேப்பா" என்றார் மாமா.

"நீங்க ஒத்துக்கிட்டதாலதானேண்ணே உறுதியா இருந்தேன். அன்னிக்கு உங்க கேட்டைத் தட்டுறப்ப எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. கோர்ட்லயாவது இல்லன்னு சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பக்கத்து வீட்டுக்காரருக்கு டீ கொண்டுவந்த அத்தை, தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.